மரியாதையாக ஊதக் கூடாது

அவர் இருந்த அறையைக் கண்ணால் தேடிப் பயனில்லை. காதால்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கண்டிப் பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில், எது என்பது இருக்கட்டும், எக்ஸ்ரே அறையைத் தாண்டித் திரும்பினால் ஒரு நீண்ட தாழ்வாரம் வரும். முதல்முறை போனபோது கையில் டாக்டர் கொடுத்த துண்டுச்சீட்டோடு கதவு கதவாகப் பெயர்ப்பலகை வாசித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று ஒரு கதவுக்குப் பின்னால் பெண்குரல் ஒன்று வெடித்தது. "ஊது! ஊது! ஊது! விடாதை! இன்னும் கொஞ்சம்! விடாதை எண்டுறன்! இன்னும்! ஆ... முடிஞ்சுது. நல்ல பிள்ளை." உள்ளே யாருக்கோ பிரசவம் நடக்கிறது என்று நினைத்து மரியாதையாகப் பின்னால் நகர்ந்து நின்றேன். சற்று நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு பெரிய மீசை வைத்த பொலிஸ்காரர் ஒருவர் வெளியே வந்தார். முகமெல்லாம் வேர்வை. கையில் குழந்தை எதுவும் இல்லை.

அடுத்தது நான்.

அந்த அறையில் நடப்பது ஒரே ஒரு வேலை. ஆளைக் கதிரையில் நிமிர்த்தி இருத்தி, மூக்கில் ஒரு கிளிப்பை மாட்டி, வாயில் அட்டைக் குழாய் ஒன்றைக் கொடுத்து, நெஞ்சு நிறைய இழுக்கச் சொல்வார். பிறகு உள்ளே இருப்பது அத்தனையையும் ஒரே வீச்சில் ஊத வேண்டும். முதல் செக்கனில் எவ்வளவு காற்று வந்தது, மொத்தமாக எவ்வளவு வந்தது என்று மெஷின் கோடு போட்டுக் காட்டும். கோடு விறுவிறுவென்று ஏறி நேராக இறங்கினால் குழாய்கள் சுகம். இறங்குகிற இடத்தில் குழி விழுந்தால் உள்ளே எங்கேயோ அடைப்பு. கோடு முழுவதுமே சின்னதாக இருந்தால் நுரையீரல் சுருங்கியிருக்கிறது, அல்லது ஊதுகிறவர் ஒழுங்காக ஊதவில்லை. அவர் எப்போதும் இரண்டாவதைத்தான் முதலில் சந்தேகிப்பார்.

ஆள் ஒல்லி. ஐம்பதைத் தாண்டிய வயது, நீண்ட கழுத்து, இறுக்கி முடிந்த கொண்டை. அந்தச் சின்ன நெஞ்சுக்குள் அந்தச் சத்தம் எங்கே குடியிருந்தது என்பதை எந்த மெஷினும் கண்டுபிடித்திருக்காது. சொந்த ஊர் யாழ்ப்பாணப் பக்கம். கண்டிக்கு வந்து பாதி ஆயுள் கழிந்தும் "ஆமாம்" என்பதற்கு அவர் சொல்லும் "ஓம்" அவரை விட்டுப் போகவில்லை. அம்பிட்டியவில் எங்கள் வீட்டுக்கு மேலே, செங்குத்தான படி ஏறிப் போகிற வீட்டில் தனியாகக் குடியிருந்தார். ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவர் "மிஸ்"தான். தேவைப்பட்டால் "ஊதுற மிஸ்".

அவருடைய மரியாதைக்கு ஒரு சட்டம் இருந்தது. கதவைத் திறக்கும்போது "வாங்கோ ஐயா, இருங்கோ ஐயா" என்பார். குழாய் வாய்க்குள் போன அடுத்த கணம் ஐயாவும் இல்லை, ங்கோவும் இல்லை. "இழு! இன்னும் இழு! ஊது! விடாதை!" குழாய் வெளியே வந்ததும் மறுபடி, "களைச்சுப் போனியளோ ஐயா, தண்ணி குடியுங்கோ." பேராதனைப் பேராசிரியரானாலும் சரி, மரக்கறிக் கடைக்காரரானாலும் சரி, குழாய் வாயில் இருக்கும் வரைக்கும் எல்லோரும் அவருக்கு ஒரே சாதி. சிங்களவர் வந்தால் "பிம்பின்ன, பிம்பின்ன, தவ, தவ, தவ!" என்று கூரை அதிரும். பிக்குமாரோடு பேசச் சிங்களத்தில் தனி மரியாதைச் சொற்கள் உண்டு. ஒரு வயதான பிக்கு வந்த அன்று அந்தச் சொற்களும் அதே கதவுக்கு வெளியில்தான் காத்திருந்தன. ஊதி முடித்த பிக்கு வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டு போனார்.

"ஏன் மிஸ் இப்புடிக் கத்துறீங்க?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"மரியாதையா ஊதினா மெஷினுக்கு விளங்காது தம்பி," என்றார்.

என்னுடைய முதல் நாளில் நடந்தது வேறு கூத்து. நான் கண்டியில் ஒரு புடவைக்கடையில் வேலை செய்கிறேன். நாள் முழுக்கத் துணி உதறுவது, கிழிப்பது, மடிப்பது. சின்ன வயதிலிருந்தே எனக்கு இழுப்பு. டாக்டர் ஒரு கருவியும், அதில் போட்டு உறிஞ்சுவதற்குக் கூட்டுக் குளிசைகளும் தந்திருந்தார். குளிசை என்றால் நமக்குத் தெரிந்த வழி ஒன்றுதானே. மூன்று வாரமாகத் தண்ணீரோடு விழுங்கிக்கொண்டிருந்தேன். கருவி அலுமாரிக்குள் பத்திரமாக இருந்தது. மெஷின் போட்ட கோட்டைப் பார்த்துவிட்டு, மருந்தை எப்படி எடுக்கிறேன் என்று மிஸ் கேட்டார். பெருமையாகச் சொன்னேன்.

"உங்கட வயித்துக்கு இனிமேல் ஆஸ்துமா வராது தம்பி. அதுக்கு நான் பொறுப்பு," என்றார்.

நுரையீரலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அன்றைக்கு அவர் ஒரு கிளினிக் துண்டின் பின்பக்கத்தில் கிறுக்கிக் காட்டியதுதான். பெரிய மூச்சுக்குழாயைப் புத்தகத்தில் வாதனாளி என்று எழுதியிருக்கும், அதைக் கொழும்பு றோட் என்று வைத்துக்கொள்ளுங்கோ என்றார். "பேராதனையில ரெண்டாப் பிரியுதெல்லே, ஒண்டு கண்டிக்கு, மற்றது கம்பளைக்கு? அதுமாதிரி நெஞ்சுக்குள்ளயும் ரெண்டு. பிறகு சின்ன றோட், பிறகு ஒழுங்கை, பிறகு முடுக்கு. முடுக்கு முடியிற இடத்தில சின்னச் சின்ன வீடு, கோடிக்கணக்கில. அந்த வீட்டு வாசலில வைச்சுத்தான் காத்தும் இரத்தமும் சரக்கு மாத்துது. நல்லதை இறக்கிப்போட்டுக் குப்பையை ஏத்திக்கொண்டு லொறி திரும்புது."

"அப்ப எனக்கு என்ன மிஸ்?"

"உங்களுக்குப் பெரஹெரா, ஊர்வலம் போற நாள். றோட் நல்ல றோட்தான். ஆனா திடீரெண்டு அடைச்சுப் போடுவாங்கள். லொறி நகராது. மருந்தை உறிஞ்சினா திறப்பாங்கள். சிகரெட் பத்துறவைக்கு அப்பிடி இல்லை, மலை சரிஞ்சு றோட்டில விழுந்த மாதிரி. முழுக்கத் திறக்காது. வீட்டுச் சுவரும் இடிஞ்சு ரெண்டு வீடு ஒரு வீடாகியிருக்கும். வீடு பெரிசு எண்டு சந்தோஷப்படேலாது, வாசல் குறைஞ்சு போச்சு. நிமோனியா எண்டா வீட்டுக்குள்ள வெள்ளம்."

வலப்பக்கம் மூன்று மடல், இடப்பக்கம் இரண்டுதான் என்று சொன்னபோது ஏன் அந்த ஓரவஞ்சனை என்று கேட்டேன். "இடப்பக்கம் இருதயம் வந்து குந்திக்கொண்டுது. வாடகை இல்லாமல். எல்லாரும் அதுக்குத்தான் பாட்டு எழுதுறாங்கள். இந்தப் பாவத்துக்கு ஆர் எழுதினது?" என்று நெஞ்சில் தட்டிக் கேட்டார். உண்மையாகவே கோபமாக இருந்தார்.

ஆஸ்பத்திரியோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அவர் எங்கள் பங்குக் கோயிலுக்கும் வருவார். ஞாயிறு தமிழ்ப் பூசையில் கடைசி வாங்கில் உட்காருவார், பக்தியால் அல்ல, அங்கிருந்தால்தான் எல்லோருடைய முதுகும் தெரியும் என்பதால். யாருடைய தோள் மூச்சுக்கு மூச்சு மேலே ஏறுகிறது, யாருக்குக் கழுத்து நரம்பு புடைக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். இருமல்களையும் பிரித்து வைத்திருந்தார். காய்ந்த இருமல், சளி இருமல், சிகரெட் இருமல், பிரசங்கம் நீண்டுவிட்டது என்கிற இருமல். கடைசி வகை கோயில் முழுக்கப் பரவும், மருந்து கிடையாது என்பார்.

சாம்பிராணியோடு அவருக்கு நிரந்தரப் பகை. திருவிழாவில் புகை மண்டி எனக்கு இழுப்பு வந்த அன்று, பூசை முடிந்ததும் நேரே கோயிலின் பின்னறையான சக்கிறீஸ்துக்குப் போய், பூசை வைத்த சுவாமியிடம், "ஆண்டவருக்கு ஆஸ்துமா இல்லையெண்டு ஆர் சுவாமி உங்களுக்குச் சொன்னது?" என்று கேட்டுவிட்டார். சுவாமி நல்ல மனிதர். அடுத்த ஞாயிறு புகை பாதியாகக் குறைந்தது. மற்றப் பாதிக்காக அவர் தொடர்ந்து முறைத்துக்கொண்டிருந்தார்.

அவருக்கும் சில நேரம் கணக்குப் பிழைக்கும். அதைச் சொல்லாவிட்டால் அவரைப் புனிதையாக்கிய பாவம் எனக்கு வந்து சேரும்.

எங்கள் பாடகர் குழுவின் தலைவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், மெலிந்த மனிதர். பூசை நடுவில் அடிக்கடி இரண்டு முறை இருமுவார், நிறுத்துவார். மறுபடி இருமுவார். மிஸ் மூன்று ஞாயிறு அதைக் கேட்டுவிட்டுக் காசம் என்று தீர்மானித்தார். பூசை முடிந்து வெளியே வந்த மனிதரை வாசலிலேயே மறித்து, பெஞ்சாதி பிள்ளைகளுக்கு முன்னால், "நாளைக்கு விடிய எழும்பின உடனே சளி எடுத்துக்கொண்டு வாங்கோ. எச்சில் இல்லை, சளி. அடிநெஞ்சில இருந்து," என்றார். மனிதர் பயந்துபோய்ச் சளி கொடுத்தார், எக்ஸ்ரே எடுத்தார், ஊதியும் பார்த்தார். எல்லாம் சுத்தம். நுரையீரல் வாலிபனுடையது.

"அப்ப ஏன் ஐயா இருமிறியள்?"

"நான் எங்கங்க இருமுனேன்? பாட்டு எடுக்கச் சொல்லிப் பிள்ளைங்களுக்குச் சைகை குடுக்குறேன் மிஸ்."

மிஸ் அசரவில்லை. சளி சுத்தம் என்று தெரிந்தது லாபம்தானே என்றார். ஆனால் அடுத்த ஞாயிறு பாடகர் தலைவர் பயத்தில் இருமவில்லை. காணிக்கை நேரம் வந்தது. சுவாமி பீடத்தில் காத்து நின்றார். பாடகர் குழு தலைவரின் வாயைப் பார்த்தது, தலைவர் திரும்பிக் கடைசி வாங்கைப் பார்த்தார். கோயிலில் ஒரு சத்தமும் இல்லை. அப்போது கடைசி வாங்கிலிருந்து கணீரென்று இரண்டு இருமல் கேட்டது. பாட்டு ஆரம்பமானது.

கொரோனா வந்தபோது முதலில் பூட்டிய அறை அவருடையதுதான். ஊதுவது ஆபத்து என்று கதவில் தாள் ஒட்டினார்கள். அவரைக் கொண்டுபோய் வாசலில் நிறுத்தி, வருகிறவர்களின் நெற்றியில் சூடு பார்க்கச் சொன்னார்கள். ஆயுள் முழுக்க வாயைத் திற, காற்றை விடு என்று கத்திய மனுஷி, "மூடுங்கோ, மூக்கையும் சேர்த்து மூடுங்கோ" என்று சொல்லிக்கொண்டு நின்ற காட்சியைப் பார்க்க எனக்கே வயிறு எரிந்தது. பொறுக்க முடியாமல் தன் நோயாளிகளுக்குப் போன் எடுக்கத் தொடங்கினார். ஒரே மூச்சில் எத்தனை வரைக்கும் சத்தமாக எண்ண முடிகிறது என்று பார்ப்பாராம். எனக்குப் போன் வந்தது கடை நேரத்தில். நான் ஒரு மூலையில் நின்று மூச்சுப் பிடித்து எண்ண, முதலாளி தலையை நீட்டி, "என்னத்தம்பி எண்ணுறீங்க, சாரியா சட்டைத்துணியா?" என்று கேட்டார். பதில் சொன்னால் மூச்சு விட்டுப் போகும். நான் எண்ணிக்கொண்டே போக, முதலாளி சரக்குக் கணக்கு என்று நினைத்து மெச்சிவிட்டுப் போனார்.

இப்போது அவர் அங்கே இல்லை. ஓய்வு எடுத்துக்கொண்டு வடக்கே போய்விட்டார். அறையில் ஒரு பவ்வியமான இளைஞர் இருக்கிறார், திரையில் மெழுகுவர்த்திப் படம் வருகிறது, அதை அணைப்பதாக நினைத்து ஊத வேண்டும். தாழ்வாரம் அமைதியாக இருக்கிறது. எனக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை.

இவ்வளவும் சொன்னது அப்பாவின் கதைக்கு வருவதற்குத்தான்.

அப்பா ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலையில், தேயிலை சலிக்கிற அறையில் உழைத்தவர். தூள் பறந்து பறந்து அங்கே சுவரெல்லாம் பழுப்பு. அதோடு பீடியும் உண்டு. ஓய்வுக்குப் பிறகு எங்களோடு அம்பிட்டியவில் இருந்தார். இருமல் எப்போதும் இருந்ததால் யாரும் அதைக் கணக்கெடுக்கவில்லை. வாய் துடைத்த லேஞ்சியில் இரத்தம் வந்தபோது அம்மாவிடம் வெற்றிலைச் சாறு என்று சாதித்திருக்கிறார். அம்மா நம்பவில்லை, என்னிடம் சொன்னார். எக்ஸ்ரே, ஸ்கேன், ஊசி வைத்துச் சதை எடுத்துப் பார்த்தது என்று ஒவ்வொன்றாக நடந்து, வலது நுரையீரலின் மேல் மடலில் கொட்டைப்பாக்களவு கட்டி, புற்று என்று உறுதியானது.

சத்திரசிகிச்சை நிபுணர் நல்ல செய்தியும் சொன்னார், பயமும் காட்டினார். இன்னும் பரவவில்லை, அந்த மடலை வெட்டி எடுத்தால் பிழைக்கலாம். ஆனால் மிச்ச நுரையீரல் தாங்குமா என்று தெரிய வேண்டும். மெஷினில் குறிப்பிட்ட அளவுக்கு ஊதிக் காட்டினால் கத்தி வைப்பார், இல்லாவிட்டால் மாட்டார். நாளைக் காலை டாக்டர்மார் கூடி முடிவெடுக்கிறார்கள், இன்றே ஊதிக்கொண்டு வாங்கள் என்றார். கத்தி வைக்காவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் கீழே பார்த்துக்கொண்டு ஏதோ மருந்தின் பெயரைச் சொன்னார்.

கொரோனாவுக்காகப் பூட்டியிருந்த அறையை அப்போதுதான் மறுபடி திறந்திருந்தார்கள், மிஸ்ஸும் அங்கே திரும்பியிருந்தார், அவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். நம் ஆள், பார்த்துக்கொள்வார் என்று தைரியமாகத்தான் போனேன்.

அப்பா கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். கிளிப் மாட்டியாயிற்று, குழாய் வாய்க்குள் போயிற்று. "இழு! இழு! ஊது!" என்று அவர் கத்தினார். அப்பா சூடான தேத்தண்ணியை ஆற்றுவது போல "ஃபூ" என்றார். அதோடு முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டார், இடது கை எழும்பி வந்து வாயைப் பொத்தியது.

"ஐயா, கையை எடுங்கோ."

"சரிங்க மிஸ்."

மறுபடியும் இழுத்தார், மறுபடியும் "ஃபூ", மறுபடியும் கை.

"ஐயா, கை!"

"தானா வருதுங்க."

கைகளைத் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்காரச் சொன்னார். இப்போது முகம் மட்டும் திரும்பியது. என்னைத் தலையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். ஒரு மகன் தகப்பனைப் பிடிக்கக் கூடாத விதத்தில் பிடித்துக்கொண்டு நின்றேன். மிஸ் தன்னிடம் இருந்த பலமெல்லாம் சேர்த்து, "ஊது! விடாதை!" என்று அலறினார். அந்த அலறலுக்கு எத்தனையோ பேரின் அடிநெஞ்சுக் காற்று வெளியே வந்திருக்கிறது. அப்பாவுக்கு உள்ளே இருந்ததும் நின்றுவிட்டது. அதட்டலைக் கேட்டதும் மூச்சையே பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்துவிட்டார்.

மெஷின் ஒரு குட்டிக் கோடு போட்டது. நிபுணர் கேட்டதில் பாதியும் இல்லை.

"என்ன தம்பி இது?" என்றார் என்னிடம். அவருடைய குரல் முதல்முறையாக இறங்கியிருந்தது.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தோட்டத்தில் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்கு நிற்கும்போது துரையோ கணக்கப்பிள்ளையோ ஏதாவது கேட்டால், வாயைக் கையால் பொத்திக்கொண்டு, ஒதுங்கி நின்று பதில் சொல்ல வேண்டும். நம் மூச்சுக்காற்று பெரியவர்கள் மேல் படக் கூடாது. தாத்தா அப்படித்தான் நின்றார், அப்பாவுக்கும் அப்படித்தான் பழக்கினார். இப்போது துரைமாரே மாறிவிட்டார்கள், யாரும் அதை எதிர்பார்ப்பதில்லை. அப்பாவின் கைக்குத்தான் அது இன்னும் தெரியாது. ஒரு ஆஸ்பத்திரி மிஸ்ஸுக்கு முன்னால், அதுவும் பொம்பளைக்கு முன்னால், முகத்துக்கு நேரே மூச்சை வீசு என்றால் எப்படி வீசுவார்?

மிஸ் மெஷின் துப்பிய தாளை எடுத்து இரண்டாகக் கிழித்தார். "இதை நான் அனுப்ப மாட்டன். இது இவரின்ர நுரையீரல் இல்லை. இவரின்ர மரியாதை."

அப்பா பதறிவிட்டார். "வேணாங்க மிஸ். வந்தத எழுதிக் குடுத்துருங்க. எனக்காக நீங்க எதுக்குச் செரமப்படுறீங்க? வெளிய ஆளுங்க காத்திருக்காங்க."

எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. சாகிற விஷயத்திலும் பிறருக்குச் சிரமம் கொடுக்காமல் சாகத் தயாராக இருந்தார் மனிதர். என் கண் கலங்கியது, பயத்திலா ஆத்திரத்திலா என்று தெரியவில்லை.

மிஸ் எழுந்து வந்து அப்பாவுக்கு முன்னால் நின்றார். தன் மாஸ்க்கைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்தார். குனிந்து, அப்பாவின் முகத்துக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்து, "ஊஃப்" என்று நேரே ஊதினார். அப்பாவின் நெற்றியில் கிடந்த நரைமுடி பறந்தது.

ஊரே மாஸ்க்கோடு திரிந்த காலம். யாராவது பார்த்திருந்தால் அவருடைய வேலை போயிருக்கும். அப்பா கண்ணை மூடித் திறந்தார். கன்னத்தில் அறை வாங்கியவரின் முகம்.

"பட்டுதோ? என்ர மூச்சு உங்களில பட்டுதோ?"

"பட்டுதுங்க."

"செத்துப் போனியளோ?"

"இல்லைங்க."

"அப்ப உங்கட மூச்சு பட்டா நான் மட்டும் சாவனோ?"

மிஸ் தன் கதிரையை இழுத்து வந்து, குழாயின் மறுமுனைக்கு நேரே போட்டு, முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். காற்று வெளியேறுகிற வழி அது. யாரும் அங்கே உட்காருவதில்லை.

"ஐயா, எங்கட ஊரிலயும் இந்தக் கூத்து இருக்கு," என்றார். "அங்க துரை இல்லை, தோட்டம் இல்லை. ஊர்ப் பெரியாக்கள் இருக்கினம். எங்கட அப்பா அவையின்ர வளவுக்கு வெளியில, இப்பிடித்தான், வாயைப் பொத்திக்கொண்டு நிண்டவர். பக்கத்தில சின்னப் பிள்ளையா நான். அவருக்கும் நெஞ்சு வருத்தம். ஆசுபத்திரியில டொக்டருக்கு முன்னாலயும் பொத்திக்கொண்டுதான் கதைச்சவர், டொக்டருக்கு ஒண்டும் விளங்கேல்லை. அப்பிடியே செத்துப்போனார், ஒருத்தற்ற முகத்திலயும் ஒருக்காக் கூட ஊதாமல். நான் கத்துறது ஏனெண்டு நினைச்சியள்? நீங்களும் அப்பிடிப் போகப் போறியளோ?"

அப்பா தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தார். அந்த அறைக்குள் வந்ததிலிருந்து அவருடைய முகத்தை அப்பா பார்த்தது அப்போதுதான்.

"எனக்கு ஊதுங்கோ," என்றார் அவர். "மெஷினுக்கு வேண்டாம். எனக்கு. முகத்துக்கு."

அப்பா தானாகவே குழாயை எடுத்து வாயில் வைத்தார். மூச்சை உள்ளே இழுத்த சத்தம் எனக்குக் கேட்டது. எங்கேயோ அடியிலிருந்து, தேயிலைத்தூளையும் பீடியையும் தாண்டி, இழுத்துக்கொண்டே இருந்தார். பிறகு ஊதினார். கொண்டையிலிருந்து நழுவியிருந்த மிஸ்ஸின் முடி பின்னால் பறந்தது. மேசையில் கிழித்துப் போட்ட தாள் கீழே விழுந்தது. அப்பாவின் கழுத்து நரம்பு புடைத்தது, முகம் சிவந்தது, கை தொடையிலேயே இருந்தது. மிஸ்ஸுக்குப் பொறுக்கவில்லை, கத்தத் தொடங்கிவிட்டார். "விடாதை! இன்னும்! இன்னும்! ஊது, ஊது, ஊது!" இந்தத் தடவை அப்பா நிற்கவில்லை. நானும் சேர்ந்து கத்தினேன் என்று பிறகு வெளியே வாங்கில் இருந்தவர்கள் சொன்னார்கள்.

ஒரு ஊது போதாது. ஒன்றோடொன்று ஒத்துப்போகிற மூன்று வேண்டும், இல்லாவிட்டால் தற்செயல் என்று தள்ளிவிடுவார்கள். இரண்டாவது முதலாவதை விட நன்றாக வந்தது. மூன்றாவதை அப்பா கண்ணைத் திறந்துகொண்டு, அவரை நேரே பார்த்துக்கொண்டு ஊதினார்.

திரையில் மூன்று கோடும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து நின்றன. இறங்குகிற இடத்தில் கொஞ்சம் குழி இருந்தது. அது பீடியின் பங்கு. ஆனால் அளவு நிபுணர் கேட்டதைத் தாண்டியிருந்தது. "வெட்டலாம்," என்றார் மிஸ். அந்தக் கோடுகளைப் பார்த்துத்தான் கத்தி வைத்தார்கள். அப்பா இன்று ஒரு மடல் குறைவாக வைத்துக்கொண்டு, படி ஏறும்போது இரண்டு இடத்தில் நின்று, மீன்காரனோடு விலை பேசிக்கொண்டு இருக்கிறார். அதெல்லாம் பிறகு நடந்தது.

அன்று, அந்த அறையில், அப்பா மூக்குக் கிளிப்பைக் கழற்றி மேசையில் வைத்தார். மூச்சு வாங்கியது. தான் செய்தது இப்போதுதான் உறைத்தது போல மிஸ்ஸைப் பார்த்தார்.

"மூஞ்சியில பட்டுருச்சுங்களா மிஸ்?"

"பட்டுது ஐயா. நல்லாப் பட்டுது."

அவர் முகத்தைத் துடைக்கவில்லை. அப்பா அதைக் கவனித்தார். கொஞ்ச நேரம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கடையில் மிட்டாய்ப் போத்தலைக் காட்டுகிற பிள்ளையின் குரலில் கேட்டார்.

"இன்னொரு வாட்டி ஊதட்டுங்களா?"

தேவையான மூன்றும் கிடைத்தாயிற்று. வெளியே வாங்கு நிறைய ஆட்கள் காத்திருந்தார்கள். பாதி எழுந்திருந்த மிஸ் மறுபடியும் கதிரையில் உட்கார்ந்து, குழாய்க்கு நேரே முகத்தைக் கொண்டுவந்தார்.

"ஊதுங்கோ," என்றார்.